லண்டனில் கடை வாசலில் சாமான் இறக்கக் கவுன்சில் அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ, குரோய்டன் பக்கங்களில் மளிகைக்கடை, புடவைக்கடை, உணவகம் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. லண்டன் மாநகர எல்லைக்குள் உள்ள விதிகள் மட்டும்தான் இங்கே. ரெடிங்கிலோ மில்டன் கீன்ஸிலோ கடை வைத்திருப்பவர்கள் அந்த ஊர்க் கவுன்சிலின் விதிகளைப் பாருங்கள். அபராதத் தொகைகள் 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்டவை.

புதிதாகக் கடை திறந்திருக்கிறேன். சாமான் லொறி வாரத்தில் பல தடவை வரும். என்ன பெர்மிட் எடுக்க வேண்டும்?

பெரும்பாலும் எதுவும் வேண்டாம். பலர் நம்பாத பதில் இது. கவுன்சில் என்றால் ஒரு படிவமும் ஒரு கட்டணமும் இருந்தே தீரும் என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் லண்டனில் தெருவோரம் சாமான் இறக்குவதும் ஏற்றுவதும் அனுமதி கேட்டுச் செய்யும் காரியமல்ல. மஞ்சள் கோடு தடுப்பது வண்டியை நிறுத்தி வைப்பதை. சாமான் இறக்குவதற்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. இறக்குவதையும் தடுக்க நினைத்தால் கவுன்சில் நடைபாதை விளிம்பில் தனியாகக் குறி போட்டிருக்கும்.

ஆகவே முதலில் படிவத்தைத் தேடாதீர்கள். வெளியே வந்து தரையைப் பாருங்கள், பிறகு விளிம்புக் கல்லைப் பாருங்கள், கடைசியாகக் கம்பத்தில் உள்ள பலகையைப் படியுங்கள். இந்த மூன்றும் இடம் கொடுக்கவில்லை என்றாலோ, அவை கொடுக்கும் நேரம் உங்களுக்குப் போதாது என்றாலோதான் அனுமதிப் பேச்சே வரும்.

தெரு யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோட்டின் நிறம் சொல்லிவிடும். சிவப்புக் கோடு என்றால் அநேகமாக லண்டனின் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனின் சாலை. மஞ்சள் கோடு என்றால் உங்கள் பரோவின் (உள்ளாட்சிப் பகுதியின்) கவுன்சில். லண்டனில் 32 பரோக்களும் சிட்டி ஆஃப் லண்டனும் இருக்கின்றன. விதியின் எலும்புக்கூடு ஒன்றுதான் என்றாலும் நிமிடக் கணக்கு, கட்டணம், படிவம் எல்லாம் ஆளுக்கொரு விதம். சிவப்புச் சாலைகள் லண்டன் சாலைகளில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான், ஆனால் போக்குவரத்தில் 30 விழுக்காடு வரை அவற்றின் மீதுதான் ஓடுகிறது. அங்கே கெடுபிடி அதிகம் என்பதற்கு அதுதான் காரணம்.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கடை என்றால் நியூஹாம் கவுன்சில். வெம்பிளி ஈலிங் ரோடு என்றால் பிரென்ட். டூட்டிங் ஹை ஸ்ட்ரீட் வாண்ட்ஸ்வொர்த் பரோவுக்குள் இருந்தாலும் அது சிவப்புச் சாலை. அங்கே கவுன்சிலுக்கு எழுதிப் பயனில்லை.

கடை முன்னால் இரட்டை மஞ்சள் கோடு. அங்கே லொறியை நிப்பாட்டலாமா?

விளிம்புக் கல்லில் குறி இல்லை என்றால் நிறுத்தி இறக்கலாம். இரட்டைக் கோட்டைக் கண்டதும் பயந்து அடுத்த தெருவில் நிறுத்தி, மூட்டையை நூறு மீட்டர் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லாத பாடு.

ஒற்றை மஞ்சள் கோடு என்றால் பலகையில் எழுதிய நேரத்தில் மட்டும் நிறுத்தத் தடை. இரட்டை என்றால் எந்நேரமும் தடை. இரண்டிலும் சாமான் இறக்க விலக்கு உண்டு. இனி விளிம்புக் கல்லுக்கு வாருங்கள். சாலைக்கும் நடைபாதைக்கும் இடையே உள்ள அந்தக் கல்லின் மேல் இடைவெளி விட்டுவிட்டுச் சிறிய மஞ்சள் கோடுகள் குறுக்கே போட்டிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு என்றால் பலகையில் குறித்த நேரத்தில் இறக்கக் கூடாது. காலை 7 முதல் 10 வரை, மாலை 4 முதல் 7 வரை என்பது போல எழுதியிருக்கும். இரண்டு இரண்டாகப் போட்டிருந்தால் எந்நேரமும் இறக்கக் கூடாது. குறியே இல்லாவிட்டால் தடை இல்லை.

ஒரு சிக்கல்: ஒற்றை மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் பலகையே இல்லாத தெருக்கள் உண்டு. அது வாகன நிறுத்தக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் இருக்கும் தெரு. மண்டலத்துக்குள் நுழையும் முனையில் பெரிய பலகையில் நேரம் எழுதியிருப்பார்கள்; உள்ளே ஒவ்வொரு கோட்டுக்கும் தனிப்பலகை வைக்கத் தேவையில்லை. "பலகை இல்லையே" என்று வாதாடித் தோற்றவர்கள் அதிகம். வெம்பிளி மைதானத்தைச் சுற்றி இன்னொரு விசேஷம், போட்டியோ கச்சேரியோ நடக்கும் நாட்களுக்கென்று தனி விதி. அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் மைதானத்தின் நாட்காட்டியை ஒட்டி வைத்திருப்பது நல்லது.

வங்கி விடுமுறை நாள் என்றால் விதி தானாகத் தளராது. பலகையில் விலக்கு எழுதியிருந்தால்தான் உண்டு.

எத்தனை நிமிடம் நிற்கலாம்?

பெரும்பாலான பரோக்களில் மஞ்சள் கோட்டில் 40 நிமிடம். சில இடங்களில் 20. உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்து, சாமான் கொண்டுவரும் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். இது உச்ச அளவு என்பது முக்கியம். வேலை 12 நிமிடத்தில் முடிந்தால் உரிமையும் 12 நிமிடத்தில் முடிந்தது. மிச்சம் 28 நிமிடம் டிரைவர் பிளேன்டீ குடிக்கக் கிடைத்ததல்ல.

டிரைவர் கடைக்குள் போய்ப் பெட்டிகளை எண்ணிக் கையெழுத்து வாங்குகிற நேரம் சேருமா?

சேரும். சாமானைத் தூக்கி வைப்பது மட்டுமல்ல, கடைக்குள் கொண்டுபோய்க் கொடுப்பது, எண்ணிச் சரிபார்ப்பது, பில்லில் கையெழுத்து வாங்குவது எல்லாம் அந்த வேலையின் பகுதிதான். அபராத முறையீடுகளை விசாரிக்கும் நடுவர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஏற்று வருகிறார்கள். வண்டியில் ஆள் இல்லை என்பதாலேயே இறக்கவில்லை என்று ஆகிவிடாது.

சேராதவை: காசோலைக்காகக் காத்திருப்பது, அடுத்த வாரத்துக்கான ஓர்டர் பேசுவது, விலையில் பேரம், சாப்பாடு. நம் கடைகளில் இந்த நான்கும் ஒரே மூச்சில் நடக்கும். முதலாளி கல்லாவில் நிற்பார், டிரைவர் காத்திருப்பார், வெளியே பார்க்கிங் கண்காணிக்கும் வார்டன் சில நிமிடம் நின்று பார்ப்பார். யாரும் எதையும் தூக்கவில்லை என்றால் சீட்டு எழுதிவிடுவார். ஓர்டர் பேச்சைத் தொலைபேசிக்கு மாற்றினாலே டிக்கெட்டுகளில் கணிசமானவை குறையும் என்பது என் கணிப்பு.

என் சொந்தக் காரில் சந்தைக்குப் போய் மரக்கறி எடுத்து வருகிறேன். காருக்கும் இந்த விலக்கு உண்டா?

மஞ்சள் கோட்டில் உண்டு. வண்டியின் வகையைவிட, கையில் எளிதாகத் தூக்கிப் போக முடியாத சாமானா என்பதுதான் கேள்வி. வெஸ்டேர்ன் இன்டர்நேஷனல் மார்க்கெட்டிலோ நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸிலோ எடுத்த பத்துப் பெட்டி கத்தரிக்காய், முருங்கைக்காய் என்றால் சரி. ஒரு கட்டு வெற்றிலை என்றால் சரிவராது. ஆனால் நடைமுறையில் வார்டன் லொறியைப் பார்க்கும் கண்ணோடு காரைப் பார்ப்பதில்லை. காரின் பின்கதவைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் 20 கிலோ அரிசி மூட்டை ஏற்ற வந்தாலும் இதே நியாயம்தான். உள்ளே வந்து கறிவேப்பிலை, தேங்காய் என்று ஆறுதலாகப் பார்த்து வாங்கும் நேரம் கணக்கில் வராது. மூட்டை கட்டி வாசலில் தயாராக இருக்கிறது, காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகிறார் என்றால் வரும். மூட்டைகளை முன்கூட்டியே சொல்லிவைக்கும் பழக்கத்தை வாடிக்கையாளரிடம் உண்டாக்கலாம்.

எதிர்ப்புறம் ஒரு லோடிங் பே (சாமான் ஏற்றி இறக்கக் கோடிட்ட இடம்) இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் அது தன்னுடையது என்கிறார்.

யாருடையதும் அல்ல. தெருவில் உள்ள லோடிங் பே எந்தக் கடையின் பெயரிலும் இருக்காது. அவர் விண்ணப்பித்து வந்ததாக இருந்தாலும் அப்படித்தான். சாமான் ஏற்றி இறக்கும் எவரும் பலகையில் உள்ள நேரத்துக்குள் பயன்படுத்தலாம். "சரக்கு வாகனம் மட்டும்" என்று பலகை சொன்னால் கார் கூடாது, வானும் லொறியும் மட்டும். சாமான் வேலை இல்லாமல் நின்றால், டிக்கெட்டில் எழுதும் குற்றக் குறியீடு 25, அபராதம்.

டூட்டிங்கில் கடை. சிவப்புக் கோட்டில் இரண்டு நிமிடம்கூட நிற்க முடியாதா?

முடியாது. மஞ்சள் கோட்டின் விலக்கு இங்கே இல்லை. இரட்டைச் சிவப்பு என்றால் எந்நேரமும் நிறுத்தக் கூடாது. ஒற்றைச் சிவப்பு என்றால் பலகை சொல்லும் நேரத்தில் கூடாது. பெரும்பாலும் திங்கள் முதல் சனி வரை காலை 7 முதல் மாலை 7 வரை என்று இருக்கும். இறக்குவதற்கென்று கோடிட்ட பெட்டிகளில் மட்டும், பலகையில் எழுதிய நேரத்தில் மட்டும் நிற்கலாம். வெள்ளைக் கோட்டுப் பெட்டி என்றால் பகல் முழுக்க, சிவப்புக் கோட்டுப் பெட்டி என்றால் நெரிசல் இல்லாத நடுப்பகலில், உதாரணமாக 10 முதல் 4 வரை. சாமான் இறக்க அநேகமாக 20 நிமிடம்.

அதோடு இங்கே கேமராவே போதும். மஞ்சள் கோட்டில் 2015 ஏப்ரலிலிருந்து கவுன்சில் கேமராவை மட்டும் வைத்து டிக்கெட் அனுப்ப முடியாது. வார்டன் நேரில் வர வேண்டும். சிவப்புச் சாலை, பஸ் லேன், பஸ் நிறுத்தம், பள்ளி வாசல் நெளிகோடு இவற்றுக்கு அந்தத் தடை இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள், சில நாளில் தபாலில் 160 பவுண்டு வந்து நிற்கும்.

எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாத இடங்கள்?

பாதசாரிக் கடவையின் வெள்ளை நெளிகோடு, பலகையில் உள்ள நேரத்தில் பள்ளி வாசல் மஞ்சள் நெளிகோடு, பஸ் நிறுத்தப் பெட்டி. நடைபாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, பலகை வைத்து அனுமதித்த தெருக்களைத் தவிர, லண்டன் முழுக்கப் பொதுவாக நடைபாதையில் வண்டி ஏற்றக் கூடாது. ஒரு சக்கரம் ஏறினாலும் போதும், குறியீடு 62. பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழிவிடத்தான் ஏற்றினேன் என்பது மனிதாபிமானக் காரணம், சட்டக் காரணம் அல்ல.

நின்றிருக்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் நிறுத்துவதும் குற்றம்தான். ஆனால் அதற்கு 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது: வேறு வழியில்லாமல் சாமான் இறக்கினால், தேவையான நேரம் மட்டும், எப்படியும் 20 நிமிடத்துக்கு மேல் போகாமல். எந்தத் தெருவிலும் செல்லும் சாவி என்று இதை நினைக்காதீர்கள். விளிம்பில் தடைக்குறி இருந்தாலோ சிவப்புக் கோடு இருந்தாலோ இது உதவாது.

விடியற்காலையில் இறக்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லைதானே?

பாதி உண்மை. ஒற்றை மஞ்சள் கோடு காலை 8 மணிக்குத் தொடங்குகிறது என்றால் 6 மணிக்கு நிற்கும் வான் தாராளமாக நிற்கலாம். மொத்த மரக்கறிச் சந்தைகள் இரவில்தான் நடக்கின்றன, வண்டி நேராக அங்கிருந்து வந்துவிடும். நம் கடைகளுக்கு இயல்பாகவே பொருந்துகிற ஏற்பாடு இது.

ஆனால் கடைக்கு மேலே வீடுகள் இருக்கும். ட்ராலிச் சத்தம், குளிரூட்டி வண்டியின் இயந்திரம், பின்கதவு அறைவது எல்லாம் அவர்கள் தலைக்கு நேர் கீழே. புகார் போனால் கவுன்சிலின் வேறொரு பிரிவு வரும். 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் சத்தத் தொல்லைக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். கடைக்குக் கொடுத்த திட்ட அனுமதியிலேயே (பிளானிங் பெர்மிஷன்) எத்தனை மணிக்கு முன் சாமான் இறக்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கவும் கூடும். அது இருந்தால் தெருவில் எந்தக் கோடு இருந்தாலும் பயனில்லை.

சரி, எப்போதுதான் அனுமதி எடுக்க வேண்டும்?

புதிய ஃப்ரீசர் வருகிறது, பொருத்தி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். கடையை உள்ளே இடித்துக் கட்டுகிறீர்கள், பலகையும் சீமெந்தும் நாள் முழுக்க இறங்கும். பொங்கலுக்குக் கரும்பும் மண்பானையும் நிறைத்த பெரிய லொறி வருகிறது, முன்னால் கட்டணப் பார்க்கிங் இடங்கள் எல்லாம் கார்களால் நிறைந்திருக்கும். இப்படிப்பட்ட வேளைகளுக்கு இரண்டு வகை அனுமதி இருக்கிறது.

முதலாவது டிஸ்பென்சேஷன். சில கவுன்சில்கள் வெய்வர் என்று சொல்லும். ஒரு குறிப்பிட்ட வண்டி, குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட தெருவில் வழக்கமான நேரத்தைத் தாண்டி நிற்க அனுமதி. இடத்தை ஒதுக்கித் தராது. நீங்கள் வரும்போது அங்கே வேறு வண்டி நின்றால் நின்றதுதான். விளிம்பில் இறக்கத் தடைக்குறி உள்ள இடத்துக்குப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது சஸ்பென்ஷன். கட்டணப் பார்க்கிங் இடத்தையோ குடியிருப்போர் இடத்தையோ அந்த நாளுக்கு மற்றவர்களுக்கு மூடிவிட்டு உங்கள் வேலைக்கு ஒதுக்குவது. கவுன்சில் சில நாள் முன்பே மஞ்சள் பலகை வைத்து எச்சரிக்க வேண்டும் என்பதால் அவசரத்துக்குக் கிடைக்காது. இரண்டு வாரமாவது முன்னால் விண்ணப்பியுங்கள். கட்டணம் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிடப்படும், மத்திய லண்டனில் கை சுடும். ஒரு லொறிக்கு எத்தனை இடம் தேவை என்று நீளத்தை அளந்து கேளுங்கள். ஒன்று குறைத்துக் கேட்டுப் பணம் மிச்சம் பிடித்தால் லொறியின் வால் வெளியே நிற்கும்.

சிவப்புச் சாலைக்கு இவை இரண்டும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனிடம் கேட்க வேண்டியவை. பக்கத்துச் சிறுதெருவில் இறக்க வழி இருந்தால் அவர்கள் பெரும்பாலும் மறுப்பார்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதினால் தள்ளுபடி ஆகாது?

"கடைக்குச் சாமான்" என்று எழுதினால் தள்ளுபடி ஆகும், ஏனென்றால் அதற்கு ஏற்கெனவே 40 நிமிடம் இருக்கிறது. ஏன் அந்த நேரம் போதாது என்பதை எழுதுங்கள்: சாமானின் எடை, அளவு, தூக்கி இறக்கும் கருவி, எத்தனை ஆட்கள், எத்தனை மணி நேரம். வண்டியின் பதிவெண், நீளம், கடை எண்ணோடு சேர்த்து நிற்கப்போகும் இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம். நிற்கும் இடத்தைப் படம் எடுத்து அதில் குறித்து அனுப்பினால் பாதிக் கேள்விகள் வராது. வாடகை லொறி என்றால் பதிவெண் கடைசி நிமிடத்தில் மாறும். மாற்றத்தை எப்படித் தெரிவிப்பது என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டு வையுங்கள். பழைய எண்ணுக்கு எடுத்த அனுமதி புதிய வண்டியைக் காப்பாற்றாது.

வருடத்துக்கு ஒன்றாக பிசினஸ் பெர்மிட் எடுத்துவிட்டால் எல்லாம் தீருமா?

தீராது. அது கட்டுப்பாட்டு மண்டலத்தில் அதற்கென்று உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி வைக்கத்தான். தொழிலுக்கு அந்த வண்டி பகலில் அடிக்கடி தேவை என்று காட்ட வேண்டும். முதலாளி வேலைக்கு வந்துபோகும் காருக்குக் கொடுக்க மாட்டார்கள். மஞ்சள் கோட்டில் கூடுதல் நிமிடம் எதுவும் தராது. சொந்த வானில் நாள் முழுக்க வீட்டுக்கு வீடு சாமான் அனுப்பும் கடைக்கு மட்டும் எடுக்கலாம்.

கடை முன்னால் புதிதாக ஒரு லோடிங் பே போட வைக்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். பெயிண்ட் அடிக்கும் வேலையாகத் தெரிந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு சட்ட ஆணை இருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கவுன்சில் வரைவு ஆணையை அறிவிக்கும், உள்ளூர்ப் பத்திரிகையிலும் லண்டன் கெஸட்டிலும் வெளியிடும், 21 நாட்கள் ஆட்சேபம் கேட்கும். இறக்க ஒரு இடம் கூடினால் பார்க்கிங் இடங்கள் சில குறையும். பார்க்கிங் குறைவதை எதிர்க்கும் ஆட்கள் எப்போதும் உண்டு, பெரும்பாலும் அதே வரிசையில் உள்ள கடைக்காரர்களே.

சோதனை ஆணை என்று இன்னொரு வழி இருக்கிறது. 18 மாதம் வரை வைத்துப் பார்ப்பார்கள், முதல் ஆறு மாதத்தில் வரும் ஆட்சேபங்களைக் கேட்டு நிரந்தரமாக்குவதா எடுப்பதா என்று முடிவு செய்வார்கள். தயங்கும் கவுன்சிலிடம் இதைக் கேட்பது சுலபம்.

தனிக்கடையாகக் கேட்டால் கடிதம் கோப்பில் கிடக்கும். வரிசையில் உள்ள கடைகள் சேர்ந்து, எந்தக் கடைக்கு எந்த நாளில் எத்தனை மணிக்கு என்ன வண்டி வருகிறது என்று இரண்டு வாரக் கணக்கு எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். மருந்துக்கடை, சலூன், போலந்துக்காரர் கடை எல்லாரையும் சேருங்கள். நம் ஆட்கள் மட்டும் கையெழுத்திட்ட மனுவைவிட அதற்கு வலு அதிகம். உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு பிரதி. ஏற்கெனவே அங்கே பஸ் மாட்டிக்கொள்கிற படங்கள் இருந்தால் இணையுங்கள். நம் வசதி அவர்களை அசைக்காது, பஸ் தாமதம் அசைக்கும்.

பெரிய லொறிகளுக்கு வேறு அனுமதி வேண்டுமா?

இறக்குவதற்கு அல்ல, உள்ளே வருவதற்கு. மொத்த எடை 18 டன்னுக்கு மேற்பட்ட லொறி வார நாட்களில் இரவு 9 முதல் காலை 7 வரையும், சனி மதியம் 1 மணியிலிருந்து திங்கள் காலை 7 வரையும் குறிப்பிட்ட பெருஞ்சாலைகளை விட்டு விலக அனுமதி பெற்றிருக்க வேண்டும். 1985 முதல் நடக்கும் திட்டம், அனுமதி இலவசம். 12 டன்னுக்கு மேல் என்றால் டிரைவரின் பார்வைக்கான பாதுகாப்பு அனுமதியும் எந்நேரமும் வேண்டும், அதுவும் இலவசம். 2024 அக்டோபர் 28 முதல் அதற்கு மூன்று நட்சத்திரத் தரமோ, அது இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்புக் கருவிகளோ தேவை. இவை லொறிக்காரர் பார்க்க வேண்டியவை. உங்கள் பழைய டீசல் வான் பற்றி நீங்கள் பார்க்க வேண்டியது யூலெஸ், அதாவது புகை அதிகம் கக்கும் வண்டிகளுக்கான கட்டண மண்டலம்: 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லாப் பரோக்களுக்கும் விரிந்துவிட்டது, தரம் பொருந்தாத வானுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு.

டிக்கெட் வந்துவிட்டது. கட்டுவதா, எதிர்ப்பதா?

இறக்கத் தடை, நிறுத்தத் தடை போன்றவற்றுக்குப் பகுதியைப் பொறுத்து 160 அல்லது 140 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் பாதி. கேமரா டிக்கெட்டுக்கு 21 நாள்.

உண்மையிலேயே சாமான் இறங்கிக்கொண்டிருந்தது என்றால் எதிர்க்கவே சொல்வேன். பாதி விலைக்குப் பயந்து கட்டிவிடுவது நம்மவர் பழக்கம். 14 நாளுக்குள் எழுதிய முதல் மறுப்பைக் கவுன்சில் தள்ளினாலும், வழக்கமாகப் பாதி விலையை மீண்டும் ஒருமுறை தரும். ஆகவே முதல் கடிதத்தில் இழப்பு ஏதுமில்லை. எழுதுமுன் டிக்கெட் எண்ணையும் பதிவெண்ணையும் கொடுத்துக் கவுன்சில் தளத்தில் வார்டன் எடுத்த படங்களைப் பாருங்கள். எத்தனை நிமிடம் கவனித்தார் என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். ஒரு நிமிடமும் கவனிக்காமல் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலமாகும்.

அனுப்ப வேண்டியவை: நேரம் குறித்த டெலிவரி சீட்டு அல்லது இன்வொய்ஸ், சாமானின் எடை அல்லது பெட்டிக் கணக்கு, டிரைவரின் சிறு வாக்குமூலம், கடை முதலாளியின் கடிதம், படம். இவற்றில் டெலிவரி சீட்டுதான் உயிர்நாடி. நம் மொத்த வியாபாரிகள் பலர் துண்டுத்தாளில் தொகையை மட்டும் எழுதித் தருகிறார்கள். தேதி, வந்த நேரம், வண்டி எண், கடை விலாசம் இந்த நான்கும் அச்சடித்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் கடிதம் தோற்றால், வண்டியின் பதிவு உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். 28 நாளுக்குள் முறையான மறுப்பு அனுப்ப வேண்டும். கவுன்சில் 56 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதையும் தள்ளினால் 28 நாளுக்குள் லண்டன் டிரைபியூனல்ஸ் நடுவரிடம் போகலாம். கட்டணம் இல்லை. ஆங்கிலம் தடுமாறினால் எழுத்திலேயே முடித்துக்கொள்ளலாம், நேரில் போக வேண்டியதில்லை.

செய்யவே கூடாதது ஒன்றுதான்: கடிதங்களைக் கல்லாவுக்குக் கீழே போட்டு மறப்பது. தொகை ஒன்றரை மடங்காகும், பிறகு நோர்தாம்ப்டன் கவுண்டி நீதிமன்றத்தில் கடனாகப் பதிவாகும், அதற்கும் பிறகு வீட்டுக்கு அமீனா வருவார். அந்தக் கட்டத்தில் இறக்கினோமா இல்லையா என்று எவரும் கேட்க மாட்டார்கள்.

வார்டன் எழுதத் தொடங்கியதும் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். தப்பித்தோமா?

இல்லை. எழுதத் தொடங்கியிருந்தால் தபாலில் அனுப்பலாம்.

சப்ளையரின் லொறிக்கு டிக்கெட். அவர் என் பில்லில் சேர்த்துவிட்டார்.

சட்டப்படி பொறுப்பு வண்டியின் பதிவு உரிமையாளருக்கு. உங்களிடம் கேட்பது இருவருக்கும் இடையிலான வியாபார விஷயம், ஒப்புக்கொள்ளாமல் கட்ட வேண்டியதில்லை. அதேசமயம் இறங்கிய சாமானை வாசலில் அரைமணி நேரம் காக்க வைத்தவர் நீங்கள் என்றால் அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பாதியாகப் பிரித்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இறக்கிய பெட்டிகளை நடைபாதையில் அடுக்கி வைக்கலாமா?

உள்ளே எடுக்கும் சில நிமிடத்துக்கு யாரும் கேட்பதில்லை. நாள் முழுக்க நின்றால் வழியை அடைப்பதாகும். வெளியே அடுக்கி விற்றால் அதற்கு வேறு உரிமம். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போக இடம் விடுங்கள்.

கடைக்குப் பின்னால் பொதுவான யார்ட் இருக்கிறது. அங்கே டிக்கெட் ஒட்டுகிறார்கள்.

தனியார் இடத்துச் சீட்டு கவுன்சிலின் அபராதம் அல்ல. தோற்றத்தில் மட்டும் அண்ணன் தம்பி. மேலே சொன்ன நடுவரிடம் அதைக் கொண்டுபோக முடியாது, அந்த நிறுவனத்திடமும் பிறகு அது சேர்ந்திருக்கும் முறையீட்டு அமைப்பிடமும்தான். உங்கள் குத்தகைப் பத்திரத்தில் யார்ட்டில் இறக்கும் உரிமை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தின் நகலே பதில்.

வேறொரு கடை பார்த்திருக்கிறேன். குத்தகையில் கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வாடகை குறைவான மூலைக்கடைகள் பலவற்றுக்கு முன்னால் விளிம்பில் இரட்டைக் குறி இருக்கும், சந்திக்கு அருகில் என்பதால். போய்ப் பார்த்துக் கல்லைப் படம் எடுங்கள். சாமான் வரும் அதே நேரத்தில் ஒரு வார நாளில் அங்கே போய் நில்லுங்கள். ஞாயிறு காலையில் பார்த்தால் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். பின்வழி இருந்தால் லொறி உள்ளே திரும்ப இடம் இருக்கிறதா, வாயிற்கதவின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கவுன்சிலின் திட்ட அனுமதித் தளத்தில் கடை விலாசத்தைத் தட்டினால் பழைய முடிவுகள் வரும். அதில் சாமான் இறக்கும் நேர நிபந்தனை இருந்தால் குத்தகைக்காரர் மாறினாலும் அது மாறாது. விடியற்காலை வண்டியை நம்பி நடக்கும் மரக்கறிக் கடைக்கு அப்படி ஒரு நிபந்தனை இருந்தால், நீக்கக் கேட்டு விண்ணப்பித்து முடிவு கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், அல்லது அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.